பெருநாள் காசில் வாங்கிய முயல்



பெருநாள் முடிந்த கையோடு பிள்ளை தனக்குக் கிடைத்த காசை எண்ணிப் பார்க்கிறான். மறுநாள் ஒரு காகிதப் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறான். பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு முயல்குட்டி. "உம்மா, எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன்" என்கிறான். அந்தச் சின்ன முகத்தையும் நீண்ட காதையும் கண்டதும் உங்கள் மனமும் இளகிவிடுகிறது. "சரி, கோடிப்பக்கம் கொண்டுபோய் வை" என்று சொல்லிவிடுகிறீர்கள். இப்படித்தான் எத்தனையோ வீடுகளுக்கு முயல் வந்து சேருகிறது.

ஒரு கிழமை போவதற்குள் அது அசையாமல் கிடப்பதும், பிள்ளை தேம்பித் தேம்பி அழுவதும், "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று உம்மம்மா சொல்வதும் நடக்கிற கதைதான். என்னிடம் ஓத வரும் பிள்ளைகள் வாயாலேயே இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கண்ணேறு உண்மைதான். ஆனால் கூட்டுக்குள் கிடக்கும் பாண் துண்டையும், கூட்டுக்கு மேலே கொதிக்கும் தகரத்தையும் பார்த்த பிறகு, காரணத்தைத் தேடி அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

முயல் சாவது அன்புக் குறைவால் அல்ல; பெரும்பாலும் அறியாமல் காட்டும் அன்பால்தான். ஆகவே இந்த மாதம், வீட்டுக்கு வந்த முயலை எப்படிக் குடியமர்த்துவது, எதைத் தின்னக் கொடுப்பது என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

எந்த ஊர் விருந்தாளி?

நம் குடாநாட்டுப் பற்றைகளில் துள்ளி ஓடும் காட்டு முயல் வேறு. கடையில் வாங்கும் வளர்ப்பு முயல் வேறு. காட்டு முயல் குட்டி உடம்பு நிறைய ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வளர்ப்பு முயல் குட்டியோ ரோமம் இல்லாமல் கண் மூடிப் பிறக்கும். பற்றைக்குள் கிடக்கும் காட்டு முயல் குட்டியைத் 'தாயில்லாதது' என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கி வர வேண்டாம். தாய் அதை அங்கே விட்டுவிட்டு, பால் கொடுக்க மட்டும் வந்து போவதே அதன் வழக்கம்.

கடை முயலின் பூர்வீகம் இன்றைய ஸ்பெயினும் போர்த்துக்கலும். நம் வரலாற்றில் அந்தலூஸ் என்று படித்தோமே, அந்த மண்தான். அங்கே அதன் மூதாதையர் மண்ணில் வளை தோண்டி, பகல் சூட்டில் அதற்குள் ஒடுங்கி, காலையிலும் மாலையிலும் வெளியே வந்து புல் மேய்ந்து வாழ்ந்தன. நரிக்கும் கழுகுக்கும் இரையாகும் பிராணி என்பதால் சிறு சத்தத்துக்கும் மிரண்டுவிடும். நோய் வந்தாலும் வெளியே காட்டாமல் மறைத்துக்கொள்ளும்.

இந்த வரலாற்றிலேயே நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் இருக்கிறது. முயலுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். குளிர்ச்சி வேண்டும். புல் வேண்டும். அது வாய் திறந்து சொல்லாததை நாம் கவனித்து அறிய வேண்டும். இந்த நான்கும் சரியாக இருந்தால், இன்ஷா அல்லாஹ், முயல் பிழைக்கும்.

முதல் மூன்று நாட்கள்

புது இடத்தின் முதல் இரவு எப்படிப்பட்டது என்பதை எங்கள் ஊர் மூத்தவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் படுத்தெழும்பியவர்கள் அவர்கள். பசி இருந்தும் சோறு இறங்காது. களைப்பு இருந்தும் கண் மூடாது. மனிதர் பட்ட அந்தத் துயரம் வேறு. அதற்கு ஒரு பிராணியின் மிரட்சி ஈடாகாது. ஆனாலும் பழகாத இடத்தில் ஓர் உயிருக்கு முதலில் தேவைப்படுவது அமைதிதான் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே முயல் வந்த அன்றே அயல் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். கூட்டின் ஒரு மூலையில் ஒரு காகிதப் பெட்டியையோ மரப்பெட்டியையோ கவிழ்த்து வைத்து, அதில் முயல் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி விடுங்கள். அதுதான் அதற்கு வளை. உள்ளே போய் ஒளிந்துகொண்டால் கையை விட்டு இழுக்க வேண்டாம். தண்ணீரையும் புல்லையும் அருகில் வைத்துவிட்டு விலகி விடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாட்களில் பிள்ளை கூட்டருகே நிலத்தில் பேசாமல் உட்கார்ந்து தன் பாடத்தைப் படிக்கட்டும். முயல் தானாக வந்து மோந்து பார்க்கும். அதன் பின் நெற்றியை மெதுவாகத் தடவலாம். பழகிய பிறகும் தூக்குவதைக் குறைப்பதே நல்லது. தூக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்புறத்தைத் தாங்கியபடி, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. பின்னங்காலைத் தாங்காமல் தூக்கினால் அது உதைக்கும் உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடலாம். சிறு பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்தபடியே தொடட்டும்.

முயலைக் குளிப்பாட்ட வேண்டாம். பூனையைப் போல அது தன்னைத் தானே நக்கிச் சுத்தப்படுத்திக்கொள்ளும். தண்ணீரில் அமிழ்த்தினால் பயத்திலேயே செத்துப்போகக் கூடும்.

கூடு எப்படி இருக்க வேண்டும்?

2, 3 கிலோ எடையுள்ள ஒரு முயலுக்குக் குறைந்தது 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் வேண்டும். கூட்டின் தளம் முழுவதும் கம்பி வலையாக இருந்தால் காலில் புண் வரும். பாதி இடத்துக்காவது பலகை போட்டு, அதன் மேல் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். நிலத்தில் இருந்து இரண்டு அடி உயர்த்தி வையுங்கள். கால்களைத் தண்ணீர் நிரப்பிய சிரட்டையிலோ டின்னிலோ நிறுத்தினால் எறும்பு ஏறாது. கீரி, பூனை, தெருநாய் மூன்றும் நம் வளவுகளில் சர்வசாதாரணம். ஆகவே கதவுக்குக் கொழுக்கி அவசியம். இரவில் நாய் கூட்டைச் சுற்றி வந்து குரைத்தாலே போதும், உள்ளே இருக்கும் முயல் கதிகலங்கிவிடும்.

நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது கூட்டுக்கு வெளியே ஓடவிட வேண்டும். வீட்டுக்குள் விட்டால் மின் வயர்களை மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். கண்டதைக் கடிப்பது முயலின் குறும்பு அல்ல. அதன் பல்லின் தேவை.

புல்தான் சோறு

'முயலுக்குக் கரட்' என்று படக்கதைகள் நமக்குச் சொல்லித் தந்துவிட்டன. உண்மையில் கரட் முயலுக்கு மிட்டாய் மாதிரி. அதன் சோறு புல்தான். தின்பதில் பத்துக்கு எட்டுப் பங்கு பச்சைப் புல்லாகவோ காய்ந்த புல்லாகவோ இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டால், முயலின் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் கூட்டில் புல் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? முயலின் பல் சாகும்வரை வளரும். முன் பல் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றருக்கும் மேல் வளரும். நார் நிறைந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் பல் தேயும். தேயாவிட்டால் வாய்க்குள் குத்திப் புண்ணாகி, தின்ன முடியாமல் போய்விடும். அதன் குடலும் அப்படித்தான். நார் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அசையும். மாவும் சீனியும் போனால் குடலில் கெட்ட கிருமி பெருகி, காற்று அடைத்து, அசைவு நின்றுவிடும். நம்மைப் போல வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் முயலால் முடியாது.

நம் வளவில் முளைக்கும் அறுகு நல்ல தீன். கினிப்புல்லும், மாட்டுக்கென்று வளர்க்கும் சி.ஓ. 3 புல்லும் கொடுக்கலாம். தண்டு முற்றியிருந்தால் நறுக்கிப் போடுங்கள். மாரி முடிந்து தை, மாசியில் புல் தாராளமாக இருக்கும்போதே அறுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, சிறு கட்டுகளாகக் கட்டி மழை படாத இடத்தில் வைத்துக்கொண்டால் வெயில் மாதங்களில் கை கொடுக்கும். பூஞ்சணம் பிடித்த கட்டை அப்படியே எறிந்துவிடுங்கள். வைக்கோல் கடிப்பதற்கும் படுப்பதற்கும் நல்லது. ஆனால் அதில் சத்துக் குறைவு; அதை மட்டும் நம்பி முயலை வளர்க்க முடியாது.

வளர்ந்த முயலுக்குப் புல்லோடு சேர்த்து நாளுக்கு ஒன்றிரண்டு கைப்பிடி இலைவகை கொடுக்கலாம். பொன்னாங்காணி, வல்லாரை, முள்முருக்கு இலை, கொத்தமல்லி, முள்ளங்கி இலை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். முருங்கை இலையில் சுண்ணச்சத்து அதிகம் என்பதால் அளவோடு போதும். கரட், வாழைப்பழம், பப்பாசி எல்லாம் கிழமையில் இரண்டு நாள், பெருவிரல் நகமளவு துண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

இங்கே ஒரு முக்கிய விடயம். வாங்கும்போதே "இதுவரை என்ன தின்றது?" என்று விற்பவரிடம் கேளுங்கள். அதே தீனில் கொஞ்சம் வாங்கி வாருங்கள். முதல் இரண்டு நாள் அதையே கொடுத்து, அதன் பின் ஏழெட்டு நாட்களில் சிறிது சிறிதாகப் புதுத் தீனுக்கு மாற்றுங்கள். முயல்குட்டிகளின் வயிறு திடீர் மாற்றத்தைத் தாங்காது. இன்னொன்று, 8 கிழமை நிறையாத குட்டியை வாங்காதீர்கள். உள்ளங்கையில் அடங்கும் குட்டிதான் அழகு என்று பிள்ளை அடம் பிடிக்கும். தாய்ப்பாலை விட்டு அவசரமாகப் பிரித்த குட்டிதான் முதலில் சாகும்.

கொடுக்கக் கூடாதவை

குடாநாட்டின் பேர்போன பயிர்கள் வெங்காயமும் புகையிலையும். இரண்டுமே முயலுக்கு நஞ்சு. வெங்காயம், வெங்காயத் தாள், உள்ளி எதையும் போடாதீர்கள். புகையிலைத் தோட்டத்து ஓரத்தில் புல் அறுக்கும்போது இலை கலந்துவிடாமல் பாருங்கள். உருளைக்கிழங்குச் செடியின் இலை, அலரி, எருக்கலை, ஊமத்தை ஆகியவையும் ஆகாது. ஆடு தின்பதெல்லாம் முயல் தின்னலாம் என்று எண்ண வேண்டாம். ஆட்டுக்குப் போடும் இப்பில் இப்பில் இலையை முயல் தொடர்ந்து தின்றால் ரோமம் கொட்டிப்போகும்.

மருந்தடித்த தோட்டத்துப் புல்லும், வாகனப் புகை படியும் வீதியோரப் புல்லும் வேண்டாம். கடைக் கீரையை நன்றாகக் கழுவி, நீர் வடித்துக் கொடுங்கள்.

குசினியில் மிஞ்சும் சோறு, பாண், ரொட்டி, பிஸ்கட், பால், பெருநாள் பலகாரம் எதுவும் கூடாது. "ஆசையாகத் தின்னுதே" என்பீர்கள். இனிப்பைக் கண்டால் பிள்ளையும்தான் ஆசையாகத் தின்னும். அதற்காகச் சோற்றுக்குப் பதில் தொதலா கொடுக்கிறோம்? கோழித்தீனும் வேண்டாம். அதில் மாச்சத்து அதிகம். கோழிகளுக்கென்று கலக்கும் சில மருந்துகள் முயலைக் கொன்றுவிடும்.

வெயிலும் தண்ணீரும்

முயலுக்கு நம்மைப் போல வேர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு முக்கிய வழி அந்த நீண்ட காதுகள்தான். 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது திணறத் தொடங்கும். நம் குடாநாட்டில் அப்படியான பகல்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆகவே கூட்டைத் தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். வேம்பு நிழலிலோ விறாந்தை ஓரத்திலோ வையுங்கள். கூரைக்குக் கிடுகும் பனையோலையும் போல வேறொன்றில்லை. சோளகக் காற்று வரும் பக்கத்தை அடைக்காதீர்கள். மாரியில் வாடைக்காற்றும் சாரலும் அடிக்கும் பக்கத்தைச் சாக்கால் மறைத்துவிடுங்கள்.

கடும் வெயில் நாளில் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் நீர் நிரப்பி உறைய வைத்து, துணியால் சுற்றிக் கூட்டுக்குள் வையுங்கள். முயல் அதில் சாய்ந்து படுக்கும். காது கொதித்து, மூச்சு வாங்கி, வாய் ஈரமாகித் துவண்டு கிடந்தால் வெப்பம் தாக்கிவிட்டது என்று பொருள். உடனே நிழலுக்கு எடுத்து, ஈரத்துணியால் காதைத் துடைத்து, வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள்.

2 கிலோ முயல் நாளுக்கு 100 முதல் 300 மில்லிலீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். கவிழாத கனமான மண்சட்டியில் வைத்து, காலையும் மாலையும் மாற்றுங்கள். உங்கள் கிணறு உவராக இருந்தால், நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள்.

பேசாத பிராணி பேசும் விதம்

முயலின் நலத்தை அதன் முகத்தில் தேடாதீர்கள்; அதன் புழுக்கையில் பாருங்கள். நல்ல முயல் ஒரு நாளில் 200க்கும் மேல் உருண்டையான, காய்ந்த புழுக்கை போடும். புழுக்கை சிறுத்தாலும் குறைந்தாலும் வயிற்றில் கோளாறு தொடங்கிவிட்டது. 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடாதீர்கள். முயலுக்கு அது அவசர நோய். குட்டிக்குக் கழிச்சல் கண்டாலும் அப்படியே. உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகம் எங்கே என்பதை முயல் வரும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்படத் தேவையில்லாத இரண்டு விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சிறுநீர் சில நாள் செம்மஞ்சளாக இருக்கும். தின்ற இலையின் சாயம் அது. சுண்ணாம்பு கலந்தது போல வெளுத்திருப்பதும் வழமையே. ஆனால் திட்டுத் திட்டாக இரத்தம் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றது, முயல் தன் பின்புறத்தில் வாய் வைத்து எதையோ விழுங்குவதைக் கண்டு பிள்ளைகள் அருவருப்பார்கள். புழுக்கை அல்லாத மென்மையான ஒரு வகைக் கழிவும் அதற்கு உண்டு. ஒருமுறை குடலில் போனதில் மிஞ்சிய சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்ள அல்லாஹ் அதற்கு வைத்த வழி அது. தடுத்தால் முயல் மெலிந்துபோகும்.

காது ஓரத்திலும் மூக்கிலும் பொருக்குப் படர்ந்தால் அது சொறி. மற்ற முயல்களுக்கும் தொற்றும். கைவைத்தியமாக எண்ணெய் பூசிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மாரியில் பின்புறம் ஈரமாக இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முயல் வாங்கினால், 4 மாதமானதும் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். பெண் முயல் ஏறக்குறைய 31 நாளில் குட்டி போடும்; போட்ட கையோடு மறுபடி சினையாகும். வருடம் முடிவதற்குள் வளவு கொள்ளாது.

தொழும் இடம்

"முயல் வீட்டுக்குள் ஓடினால் தொழுகை கூடுமா?" என்பது நம் சகோதரிகள் கட்டாயம் கேட்கும் கேள்வி. முயலின் உடம்பு சுத்தமானது. அது உயிரோடு இருக்கும்போது உதிர்ந்த ரோமம் உடுப்பில் ஒட்டியிருந்தாலும் குற்றமில்லை. ஆனால் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், உண்ண ஆகுமான பிராணியாக இருந்தாலும் அதன் சிறுநீரும் புழுக்கையும் நஜீஸ்தான். ஆகவே தொழும் அறைக்கும் முஸல்லாவுக்கும் முயலை விடாதீர்கள். காய்ந்த புழுக்கை காய்ந்த தரையில் கிடந்தால், கூட்டி அள்ளிவிட்டால் போதும். காய்ந்ததில் இருந்து காய்ந்ததற்கு நஜீஸ் ஒட்டாது. சிறுநீர் பட்ட இடத்தை முதலில் துடைத்தெடுத்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் வைக்கோல் போட்ட ஒரு தட்டத்தை வைத்துவிட்டால் வேலை பாதியாகிவிடும். கூட்டியெடுத்த புழுக்கை ரோஜாச் செடிக்கு நல்ல உரம்.

அறுத்துச் சாப்பிடலாமா?

மார்க்கத்தில் முயல் இறைச்சி ஹலால். அதில் ஐயமில்லை. அனஸ் (ரழி) அவர்கள் இளவயதில் மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் ஒரு முயலைத் துரத்திப் பிடித்து அபூதல்ஹா (ரழி) அவர்களிடம் கொண்டுவர, அவர்கள் அதை அறுத்து ஒரு பங்கை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பினார்கள், நபியவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது.

அதே வீட்டைப் பற்றிய இன்னொரு செய்தியும் அவ்விரு நூல்களிலும் உண்டு. அபூதல்ஹா (ரழி) அவர்களின் மனைவி, அனஸ் (ரழி) அவர்களின் தாய், உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள். அவர்களுடைய சின்ன மகன் அபூஉமைர் ஒரு சிறு குருவி வளர்த்தார். அந்தக் குருவி செத்துப்போய் பிள்ளை முகம் வாடியிருந்தபோது, நபியவர்கள் அந்தப் பிள்ளையிடம் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள் இந்த ஒரே ஹதீஸில் இருந்து எடுத்த சட்டங்களையும் பயன்களையும் தனி நூலாகவே எழுதினார்கள்.

சகோதரிகளே, முயல் இறைச்சி பகிர்ந்து அனுப்பியதும், செத்த குருவிக்காக ஒரு பிள்ளையின் மனம் தேற்றப்பட்டதும் ஒரே குடும்பத்தில்தான். இறைச்சிக்கான பிராணி உண்டு. பிள்ளையின் தோழனான பிராணியும் உண்டு. இரண்டையும் குழப்புவதுதான் பிழை. இறைச்சிக்காக வளர்ப்பதென்றால் வாங்கும் அன்றே பிள்ளையிடம் அதைச் சொல்லிவிடுங்கள். "இது உன் முயல்" என்று சொல்லிப் பெயர் வைத்து வளர்க்கவிட்டு, விருந்தாளி வந்த ஒரு நாளில் அதைச் சட்டியில் போடாதீர்கள். அது பிள்ளையின் பெருநாள் காசில் வாங்கியது, பிள்ளையின் பொருள். பிள்ளைக்குத் தருகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு எதுவும் கொடுக்காவிட்டால் அதுவும் பொய்யாகப் பதியப்படும் என்று ஒரு தாய்க்கு எச்சரித்த மார்க்கம் நம்முடையது. முயல் இறைச்சி வேறிடத்திலும் கிடைக்கும். உம்மாவின் சொல்லில் ஒருமுறை உடைந்த நம்பிக்கை அவ்வளவு எளிதில் கிடைக்காது.

யார் பொறுப்பு?

நன்றாகப் பராமரித்தால் முயல் 8 முதல் 10 வருடம் வரை வாழும். நான்காம் வகுப்பில் வாங்கிய பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதும் காலத்திலும் அது கூட்டில் இருக்கும். "நானே பார்த்துக்கொள்வேன்" என்ற வாக்கு இரண்டு மாதம் தாங்கினால் பெரிய விடயம். அதன் பிறகு எல்லாம் உங்கள் தலையில்தான் விழும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே தொடக்கத்திலேயே வேலையைப் பங்கிட்டுவிடுங்கள். ஸுப்ஹு தொழுத பின் தண்ணீர் மாற்றுவதும் புழுக்கை பார்ப்பதும் பிள்ளை. அஸருக்குப் பின் புல் அறுப்பது வாப்பாவோ மூத்த நானாவோ. வெள்ளிக்கிழமை காலையில் கூடு கழுவுவது எல்லோரும் சேர்ந்து. நீங்கள் மேற்பார்வை. கூட்டில் கை வைத்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் பிள்ளைக்கு வழக்கமாகட்டும்.

பூனை ஒன்றைக் கட்டிவைத்து, தானும் தீன் போடாமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தி நாம் எல்லோரும் அறிந்ததே. நாம் கூட்டில் அடைத்த உயிர் தானாகப் போய்ப் புல் தேட முடியாது. அதன் இரணம் நம் கை வழியாகத்தான் போக வேண்டும் என்று அல்லாஹ் வைத்துவிட்டான். அது ஓர் அமானிதம்.

முடியாது என்று தோன்றினால் அதில் வெட்கம் இல்லை. வளர்க்கத் தெரிந்த ஒருவருக்குக் கூட்டோடு கொடுத்துவிடுங்கள். "போய்ப் பிழைக்கட்டும்" என்று பற்றைக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். வளர்ப்பு முயலுக்கு இந்தக் காட்டில் பிழைக்கத் தெரியாது. அந்த வெள்ளை நிறமே நாய்க்கு வழி காட்டிவிடும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே முயல் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கூட்டடிக்குப் போய்ப் பாருங்கள். புல் இருக்கிறதா? தண்ணீர் சுத்தமா? நாளை நண்பகல் வெயில் கூட்டின் மேல் விழுமா? இன்று புழுக்கை எவ்வளவு? இந்த நான்கையும் பிள்ளை தினமும் பார்க்கப் பழகிவிட்டால், வாயில்லாத ஓர் உயிரின் பசியைக் கேட்காமலே அறியப் பழகிவிட்டது என்று பொருள். நாளைக்கு வயதான உம்மம்மாவின் பசியையும் அந்தப் பிள்ளை அப்படியே அறிந்துகொள்ளும். அல்லாஹ் நம் பிள்ளைகளை அப்படிப்பட்டவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.